பக்கத்துச் சாலையில் ஃபைபர், எங்கள் தெருவில் இல்லை

இந்த வாரம் கேள்விப் பெட்டியைத் திறந்தால் கடிதம் எல்லாமே இணைய இணைப்பைப் பற்றித்தான். பதினெட்டு வருடம் ஏணி தூக்கிக் கேபிள் இழுத்தவன், கண்ணாடி இழையை ஒட்டியே சம்பாதித்தவன் என்பதால் ஆசிரியர் கட்டோடு என் தலையில் வைத்துவிட்டார். ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, புறநகரில் புதிதாக எழுந்த குடியிருப்பு எங்களுடையது. நாற்பது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. 400 மீட்டர் தள்ளியிருக்கும் பெரிய சாலையில் ஃபைபர் ஓடுகிறது. நிறுவனத்தின் இணையதளமும் எங்கள் பகுதியில் சேவை உண்டு என்றே சொல்கிறது. விண்ணப்பித்தால் ஓர் ஆள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு 'ஃபீசிபிள் இல்லை' என்று போய்விடுகிறார். மூன்று முறை இப்படியே நடந்துவிட்டது. நாங்கள் என்னதான் செய்வது?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: வந்தவர் மூன்று முறையும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். 'ஃபீசிபிள் இல்லை' என்றால் ஒளி அங்கே வந்து சேராது என்று பொருளில்லை. உங்கள் ஒரு வீட்டுக்காக இழுத்தால் கட்டுப்படியாகாது என்று பொருள்.

400 மீட்டர் எல்லாம் ஒளிக்கு ஒரு தூரமா? வீட்டு ஃபைபரில் அதிகம் புழங்கும் ஜிபான் முறையில் இணைப்பகத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளிக்கூட வீடு இருக்கலாம். போகப் போக ஒளி மங்குவதை டெசிபெலில் அளப்போம். கிலோமீட்டருக்கு 0.35 போகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் 400 மீட்டருக்கு 0.14 ஆகிறது. வழியில் இழக்கலாம் என்று இருக்கும் மொத்தக் கையிருப்போ 28 டெசிபெல். அதில் பெரும் பங்கை விழுங்குவது ஸ்ப்ளிட்டர்தான். ஓர் இழையில் வரும் ஒளியை 32 வீட்டுக்குப் பங்கு போடும் ஸ்ப்ளிட்டர் தனியாகவே 17 டெசிபெல் வரை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை. இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் கண்ணாடி இழை வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவோ கணக்குப் போட்டுச் சொன்னார். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் அதை 17-க்கு இறக்கிக் காட்டினார்கள். அந்த இழையிலும் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நூற்றில் இரண்டு பங்கு ஒளிதான் மிஞ்சும். இன்றைய இழையில் தொண்ணூறுக்கு மேல் மிஞ்சுகிறது. காவோவுக்கு நோபல் பரிசு வருவதற்கு 2009 ஆகிவிட்டது. உங்கள் தெருவுக்கு அவ்வளவு காலம் ஆகாது.

சரி, தடை எங்கே இருக்கிறது? நீங்கள் தெருவை வீடு வீடாகப் பார்க்கிறீர்கள், நிறுவனத்துக்காரர் பெட்டி பெட்டியாகப் பார்க்கிறார். கம்பத்தில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியில் 8 போர்ட் அல்லது 16 போர்ட் இருக்கும், வீட்டுக்கு ஒன்று. சாலையிலிருந்து அங்கே வரை கேபிள் இழுத்து, ஜாயிண்ட் போட்டுப் பெட்டியைத் தொங்கவிடும் செலவு, ஒரு வீட்டுக்கும் அதேதான், 16 வீட்டுக்கும் அதேதான். போதாததற்குக் கம்பம் பல இடங்களில் வேறொருவருடையது. அதில் கேபிள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். மண்ணுக்கடியில் என்றால் சாலையை வெட்ட அனுமதி. மூன்று பேர் மூன்று மாதத்தில் தனித்தனியாக விண்ணப்பித்தால் அது அவர்களுக்கு மூன்று நஷ்டக் கணக்கு. அதே மூன்று பேரும் இன்னும் பதினைந்து பேரும் ஒரே தாளில் கேட்டால் ஒரு பெட்டி நிரம்புகிறது.

இணையதளம் சொல்வதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வட்டாரத்தையோ அஞ்சல் குறியீட்டையோ பார்த்துச் சொல்வது. உங்கள் கம்பத்தில் பெட்டி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

நானே இப்படி ஓர் இடத்தில் வீடு கட்டிக் குடிபோனவன். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவன் வீட்டில் ஒன்றரை வருடம் மொபைல் சிக்னலைத் தேடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு இரண்டு சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். 23 பேர் சரி என்றார்கள். அதில் பிறகு 'பார்க்கலாம்' என்று இழுத்த 6 பேரை நானே அடித்துவிட்டேன். இதில் கறாராக இருங்கள். பெட்டி வந்தபின் பாதிப் பேர் பின்வாங்கினால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது. மிஞ்சிய 17 பேரின் கதவு எண், சாலையில் கடைசி ஜாயிண்ட் பெட்டி தொங்கும் கம்பத்தின் எண், அங்கிருந்து எங்கள் தெருக்கோடி வரை எத்தனை கம்பம், எந்த இரண்டு சாய்ந்து நிற்கிறது, எங்கே மரக்கிளை இடிக்கிறது எல்லாவற்றையும் ஒரே தாளில் கையால் வரைந்தேன். தாளை வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுகிறவரிடம் கொடுத்துப் பயனில்லை. பாவம், அவருக்குத் திரையில் தெரிவதுதான் தெரியும். கேபிள் திட்டம் போடும் பகுதிப் பொறியாளரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். பதினோரு வாரத்தில் பெட்டி வந்தது. அதில் ஐந்து வாரம் கம்ப அனுமதிக்கே போனது.

பெரிய நிறுவனம் அசையவில்லை என்றால் அந்தப் பக்கத்துச் சின்ன கேபிள்காரரைக் கேளுங்கள். அவர்களுக்குப் பத்து வீடே போதும். ஆனால் வீட்டுக்குள் வருவது ஃபைபரா, இல்லை தெருப்பெட்டி வரை ஃபைபர் வந்து அப்புறம் செம்புக் கம்பியிலான லேன் கேபிளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதை மீறி இழுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், முதல் மழையோடு சரி.

ஒரு எச்சரிக்கை. 'குடியிருப்பு முழுக்க நாங்களே போட்டுத் தருகிறோம், வேறு யாரையும் உள்ளே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போடுங்கள்' என்று யாராவது வருவார்கள். போடாதீர்கள். ஐந்து வருடம் கழித்து உங்களைத் திட்டப் போவது உங்கள் சங்கத்துக்காரர்கள்தான். தண்ணீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ எப்போதாவது பள்ளம் தோண்டினால், கூடவே ஒரு வெற்றுக் குழாயைப் போட்டு உள்ளே கயிறு விட்டு மூடிவையுங்கள். குழாய் தயாராகக் கிடக்கும் தெருவுக்கு யாரும் 'ஃபீசிபிள் இல்லை' சொல்வதில்லை.

கேள்வி: ஒரே இழையை 32 வீடு பகிர்ந்தால் மாலை நேரத்தில் எல்லோருக்கும் மெதுவாகிவிடாதா? பக்கத்து வீட்டுக்காரர் என்ன பார்க்கிறார் என்பதும் எனக்கு வருமா?
(கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விதான் உங்கள் முதல் கேள்வி என்று நினைக்கிறேன். வரும், ஆனால் படிக்க முடியாது. இணைப்பகம் அனுப்பும் ஒளி 32 வீட்டுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது தனித்தனியாகப் பூட்டப்பட்டிருப்பதால் உங்கள் மோடம் தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். வீட்டிலிருந்து மேலே போகும்போது மட்டும் ஒருவர் பின் ஒருவராக, முறை வைத்து அனுப்புவார்கள்.

வேகத்துக்கு வருவோம். ஜிபானில் கீழிறங்கும் மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 2,488 மெகாபிட். 32 பேரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தால்கூட ஆளுக்கு 77 வரும். அப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பது அபூர்வம். மாலையில் திணறினால் நிறுவனம் வெளியே வாங்கிவைத்திருக்கும் இணைப்புப் போதவில்லை, அல்லது உங்கள் வைஃபை மூன்று சுவர் தாண்டி மூச்சு வாங்குகிறது. கம்பி மாட்டிச் சோதித்துப் பாருங்கள். இன்னொன்று, 100 மெகாபிட் திட்டத்தில் தரவிறக்கம் 12 என்று காட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள். அது மெகாபைட், எட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாளை மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.
(வாசகி ஒருவர்)

பதில்: தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் நின்றாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும். அவர் வருவதற்கு முன்பே மோடம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். நுழைகிற இடத்திலேயே மாட்டிவிட்டுப் போவதுதான் அவருக்குச் சுலபம். வீட்டின் நடுவில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. இரும்பு பீரோவின் பின்னால் மட்டும் வேண்டாம்.

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கட்டும். கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டுவிட்டு ஏறட்டும். இந்த இரண்டையும் மறந்த வீட்டில் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து பிளக் பாயிண்டில் சொட்டியதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் அடித்த ஈரம்கூடக் காயாத சுவர் அது.

அப்புறம் வளைவு. வீட்டுக்குள் இழுக்கும் ரகம் வளைவைத் தாங்கும் என்பார்கள். தாங்கும், ஆனால் அதற்கும் 7.5 மில்லிமீட்டர் ஆரம் என்று கணக்கு உண்டு, சுண்டு விரலைச் சுற்றி வைத்தாற்போல. பழைய ரகத்துக்கு 30 மில்லிமீட்டர். மூலையில் மடித்து ஆணியடித்தால் ஒளி அந்த மடிப்பிலேயே வெளியே ஒழுகிவிடும். ஒருமுறை நான்கு நாளாகச் செத்துக் கிடந்த ஓர் இணைப்பைத் தேடிக் காலை முதல் மாலை வரை ஏழு கம்பம் ஏறி இறங்கினேன். கடைசியில் பார்த்தால் வீட்டுக்காரர் சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் அதன் காலில் கேபிள் நசுங்கியிருந்தது. சோபாவில் உட்கார்ந்துதான் அவர் எனக்குப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் வந்து சேரும் ஒளி எவ்வளவு என்று பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் போட்டு ஓர் எண் வரும். சாதாரண ஜிபான் மோடத்துக்கு மைனஸ் 27-க்குக் கீழே போனால் கண் தெரியாது, மைனஸ் 8-க்கு மேலே போனால் கண் கூசும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைனஸ் 26 என்றால் 'இப்போதைக்கு ஓடுதே' என்று சொல்லிக் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள், முனையைத் துடைத்து, தேவைப்பட்டால் ஜாயிண்டை மறுபடி போடச் சொல்லுங்கள். வந்த எண்ணைத் தேதியோடு மோடத்தின் அடியில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த வருடம் மெதுவாகிறது என்று கூப்பிடும்போது அந்த ஒரு எண் உங்களுக்காகப் பேசும்.

வெட்டிப் போட்ட இழைத் துண்டுகளை அவரையே பொறுக்கி எடுத்துப் போகச் சொல்லுங்கள். தலைமுடி அளவுதான் இருக்கும், ஆனால் கண்ணாடி. காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். கேபிள் முனைக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: ஃபைபர் வழியாக இடி, மின்னல் வீட்டுக்குள் வருமா?

பதில்: கண்ணாடி வழியாக வராது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளில் இழுவை தாங்குவதற்காக இரும்புக் கம்பி இருந்தால் அதில் வரலாம். அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும். மோடத்துக்கு மின்சாரம் வரும் வழியும் ஒன்று உண்டே, இடி இடித்தால் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. தனியாக இருக்கிறேன். ஃபைபர் போட்டால் பழைய தொலைபேசிக் கம்பியை எடுத்துவிடுவோம், அதே எண்ணை மோடத்திலேயே கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து 'எடுத்துவிடு அம்மா' என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது வெறும் பழக்கதோஷமா?

பதில்: இல்லை அம்மா, உங்கள் தயக்கத்தில் காரணம் இருக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்து அதே கம்பியில் வந்தது, 48 வோல்ட். வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசியது அதனால்தான். கண்ணாடியில் மின்சாரம் வராது. கரண்ட் போன அடுத்த நொடி மோடம் அணையும், கூடவே தொலைபேசியும்.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்புக் கம்பியைப் பராமரிக்கும் ஆட்களே குறைந்துவிட்டார்கள், என்றைக்காவது அது தானாகவே ஊமையாகிவிடும். எடுப்பதற்கு முன் மோடத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி யூ.பி.எஸ். வாங்கி மாட்டச் சொல்லுங்கள். மோடத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் என்றால் அதற்கேற்றதாகவே வாங்க வேண்டும், வோல்ட் மாறினால் கெட்டுவிடும். மாட்டிய அன்றைக்கே, ஆள் வீட்டில் இருக்கும்போதே, மெயினை அணைத்துவிட்டு உங்கள் மகனுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். அவர் எடுத்துப் பேசினால் பழைய கம்பியை எடுக்கச் சம்மதியுங்கள். போன் போகாவிட்டால் வந்த ஆளைக் கிளம்ப விடாதீர்கள்.