கேட் போட்டாச்சு: ரயில் ஓட்டியவரிடம் சில கேள்விகள்

இருபத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவன் நான். முதலில் சரக்கு வண்டி, அப்புறம் பாசஞ்சர், கடைசியில் விழுப்புரம் – திருச்சி தடத்தில் எக்ஸ்பிரஸ். ரயில்வே கேட் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், ரயில் கண்ணுக்கே தெரியல. பத்து நிமிஷம் முன்னாடியே கேட்டைப் போட்டுட்டு கேட்கீப்பர் சும்மா உட்கார்ந்திருக்கார். கொஞ்சம் திறந்து விட்டா என்ன? (விருத்தாசலம்)

அவர் நினைத்தாலும் திறக்க முடியாது. இன்டர்லாக்கிங், அதாவது கேட்டையும் சிக்னலையும் பிணைத்த பூட்டு உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டு விழுந்தால்தான் எனக்குப் பச்சை சிக்னல் விழும். சிக்னல் விழுந்துவிட்டால் ரயில் போகிறவரை கேட் பூட்டியபடிதான் இருக்கும்.

ரயில் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு முப்பது மீட்டர் ஓடுகிறது. அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். அதனால் கேட் சிக்னலுக்கும் முந்தைய சிக்னலிலேயே வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ரயில் கண்ணில் பட்ட பிறகு மூடினால் அது கேட்டே இல்லை.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டும் இருக்கா ஐயா? (சிதம்பரம்)

இருக்கிறது. அங்கே எல்லாம் டெலிபோனில்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், கேட்கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண் கொடுப்பார், அதைக் குறித்துக்கொண்டு வண்டியை அனுப்புவார்கள். மூடாமலே எண் கொடுத்தால் தடுக்க எந்த இயந்திரமும் இல்லை. கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன்மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி 3 மாணவர்கள் இறந்தார்களே, அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட்தான். வேன் தண்டவாளத்தில் ஏறும்போது கேட் அடைபட்டிருக்கவில்லை.

ஒரு நாளில் போகும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கி, அந்தக் கணக்கு 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக்கிங் என்று இருந்த வரம்பை அந்த விபத்துக்குப் பிறகு 10,000 ஆகக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கே தேவையில்லை, எல்லாக் கேட்டுக்கும் போட வேண்டும். அதுவரை, திறந்திருக்கும் கேட்டிலும் ஒரு நொடி நின்று இரு பக்கமும் பாருங்கள். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் நின்றுகொண்டு "சீக்கிரம் திறப்பா" என்று கேட்கீப்பரைக் கத்தவே கத்தாதீர்கள். அவர் பயந்து திறந்துவிட்டால் சாகப்போவது கத்தியவர்தான்.

அண்ணா, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் பைக்கைச் சாய்ச்சு கேட்டுக்கு அடியில போறோம். அதுல என்ன தப்பு? (திண்டிவனம், கல்லூரி மாணவர்)

தம்பி, நீ பார்த்தது சரி. கணக்குப் போட்டதுதான் தப்பு. பெரிய உருவம் நேராக வரும்போது மெதுவாக வருவதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் மஞ்சள் பலகை ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் நான் ஹாரன் அடிப்பேன். அங்கிருந்து கேட்டுக்கு எனக்கு இருபது நொடி. உனக்கு அது ரொம்ப தூரம் மாதிரி தெரியும்.

ஒருமுறை சாயங்காலம் அப்படித்தான் ஒரு பையன். பின்சீட்டில் ஒரு அரிசி மூட்டை. முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது, மூட்டை சரிந்தது. அவன் திரும்பி மூட்டையைப் பிடிக்கிறான்! வண்டியை விடவில்லை, மூட்டையையும் விடவில்லை. எனக்கு ஸ்டியரிங்கா இருக்கிறது? ஹாரனும் பிரேக்கும்தான். கடைசியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குதித்தான். ரயில் நின்றபோது கேட் எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. இறங்கிப் பார்த்தால் எஞ்சின் முகப்பெல்லாம் அரிசி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரட்டைத் தடம் என்றால் இன்னொன்று: முதல் ரயில் போனதும் ஓடாதே. அதன் மறைவில் எதிர்த்திசை வண்டி வந்துகொண்டிருக்கும்.

கேட் திறந்ததும் ரெண்டு பக்கமும் மோதிக்கிட்டு அரை மணி நேரம் ட்ராஃபிக். யார் தப்பு? (பண்ருட்டி)

வலது பக்கம் ஏறி நின்றவர் தப்பு. கேட் மூடியிருக்கும்போது சாலை முழுக்க அடைத்து நிற்கிறோம், எதிரேயும் அதேபோல் நிற்கிறார்கள். திறந்ததும் முகத்துக்கு முகம். நடுவில் மாட்டிய வண்டி தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. அடுத்த ரயிலுக்குக் கேட்டை மூட முடியாது, எனக்கு சிவப்பு. ‘ஜி’ எழுத்துப் போட்ட கேட் சிக்னல் சிவப்பாக இருந்தால் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஊர்ந்து வர வேண்டும்.

முன்னால் போகும் வண்டி தண்டவாளத்தைத் தாண்டி, உங்கள் வண்டிக்கும் இடம் விட்ட பிறகு ஏறுங்கள். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும்.

தண்டவாளத்து மேல கார் நின்னுபோச்சுன்னா? (அரியலூர்)

முதலில் ஆட்கள் இறங்க வேண்டும். குழந்தை, பாட்டி, எல்லோரும். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருகிப் பார்ப்பது, தள்ளுவது எல்லாம். ஒருவர் கேட்கீப்பரிடம் ஓடுங்கள். அவரிடம் ஸ்டேஷனுக்கு போன் உண்டு, சிவப்புக் கொடி உண்டு, தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசும் உண்டு. அதன்மேல் சக்கரம் ஏறி வெடித்தால் நாங்கள் நிறுத்துவோம். இரவில் செல்போன் விளக்கையாவது வேகவேகமாக ஆட்டுங்கள். எந்த வெளிச்சம் அப்படி ஆடினாலும் எங்களுக்கு அது ஆபத்து என்றுதான் அர்த்தம்.

ரயில் வந்தேவிட்டால், தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாகச் சாய்ந்து ஓடுங்கள். மோதிய கார் ரயில் போகும் திசையில்தான் சிதறும்.

எங்கட பக்கம் காவலாளி இல்லாத கடவைகள் இருக்கு. மணி அடிக்காட்டி கடக்கலாமா? (கிளிநொச்சி)

மணி அடித்தால் நில்லுங்கள். அடிக்காவிட்டாலும் நில்லுங்கள், மணி பழுதாகியும் இருக்கலாம். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, காதையும் கண்ணையும் நம்புங்கள். இந்தியாவில் அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது: நடத்துநரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய்ப் பார்த்த பிறகே வண்டி ஏற வேண்டும், துணைக்கு யாரும் இல்லை என்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும்.

மூடின கேட்டை இடிச்சா என்ன தண்டனை? (துறையூர்)

ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவு. நீங்களாகத் திறந்தால் 3 வருடம் வரை, உடைத்தால் 5 வருடம் வரை சிறை.

கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதை போட்டுட்டாங்க, இனி கவலை இல்லையே? (புதுக்கோட்டை)

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரே இப்படிக் கேட்கலாமா? 2021 செப்டம்பரில் உங்கள் மாவட்டத்துத் துடையூர் சுரங்கப்பாதை மழைத் தண்ணீரில் காரோடு சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். ஆழம் தெரியாத தண்ணீரில் காரை இறக்காதீர்கள். சுற்றிக்கொண்டு போங்கள்.

வைக்கோல் லாரி ஓட்டுறேன். கேட்டுக்கு முன்னாடி குறுக்கே ஒரு கம்பம் போட்டிருக்காங்க, லோடு அதுல உரசுது. மெதுவா போனா போயிடலாம்தானே? (லால்குடி)

போகக்கூடாது. அந்தக் கம்பம்தான் உயர எல்லை. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். அந்தக் கம்பத்தில் வைக்கோல் உரசினால் லாரியைப் பின்னால் எடுங்கள், லோடைக் குறையுங்கள். லோடு மேல் உட்கார்ந்து வருகிற ஆளை அதற்கு முன்னாலேயே கீழே இறக்கிவிடுங்கள்.