மெருகேற்றிய பழம்பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: பழம்பொருள் வியாபாரி ஒருவர், பர்மிங்ஹாம் ஃபீல்டு கம்பெனியின் வீட்டு உபயோக மைக்ரோஸ்கோப், ‘1855’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி 45,000 ரூபாய்க்கு விற்றார். அது பிற்காலத் தயாரிப்பு என்று இப்போது தெரிகிறது. கேட்டால் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார். முழுப் பணமும் வேண்டும். இல்லாவிட்டால் லண்டன்காரர் ஒருவருக்கு விற்றுவிடலாமா? பித்தளையைப் பாலிஷ் போட்டு, மெக்கானிக்கிடம் புது லென்ஸும் பொருத்திவிட்டேன்.

பதில்: அவர் பேசிய பேச்சுக்குக் கோர்ட்டில் விலை கிடையாது. உங்கள் வழக்கு நீங்கள் எழுதிய கடைசி வரியில் இருக்கிறது.

சொன்ன விவரப்படி பொருள் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. ஆனால் சொந்தக்காரர் மாதிரி பொருளில் கைவைத்துவிட்டால், பிரிவு 42-இன்படி அதை ஏற்றுக்கொண்டதாகவே வாதிடுவார்கள். அந்த வாதம் எடுபட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். மதிப்பில் உள்ள வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேட்பதுதான் மிச்சம். பழம்பொருள் வழக்கு கவிழக்கூடிய இடம் இதுதான்.

அதைவிட மோசம், சாட்சியம் அழிவது. லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1855-இல் பரிசளித்த, மூன்று கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) விலையுள்ள மாடல் இது. பரிசின் பெயரோடு அதற்குப் பிறகும் ஃபீல்டு அதை விற்றார்கள். ஆகவே, ‘மாடல் ஆண்டைத்தான் சொன்னேன்’ என்பார் வியாபாரி. பொருள் 1855-இல் செய்யப்பட்டதல்ல என்று காட்டக் குழாய் முனையில் ஒரு மரை இருக்கிறது. ஆப்ஜெக்டிவ் லென்ஸுக்கான (குழாயின் கீழ்முனையில் மாட்டும் லென்ஸ்) பொது மரை அளவை லண்டன் மைக்ரோஸ்கோப் சங்கம் 1858-இல்தான் வகுத்தது; அந்த மரை முதலிலிருந்தே இருந்தால் பொருள் 1855-ஐச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பில்லை. இன்றைய பள்ளிக்கூட லென்ஸும் பெரும்பாலும் அதே மரைதான். இருந்த மரையிலேயே புது லென்ஸ் ஏறியதா, மெக்கானிக் மரையைப் புதிதாக வெட்டினாரா? வெட்டியிருந்தால், ‘அந்த மரை உங்கள் வேலை’ என்று வியாபாரி ஒரே வரியில் முடித்துவிடுவார். வெட்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் இன்றே எழுதி வாங்குங்கள். மரையை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பித்தளை மங்காமல் காக்கும் பழைய லாக்கர் பூச்சு பாலிஷில் போயிருக்கும். இனி துணிகூடப் போடாதீர்கள்.

லண்டன் யோசனையை மறந்துவிடுங்கள். நூறாண்டு கடந்த அறிவியல் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. மறுவிற்பனைக்கே வாங்கினீர்கள் என்று வியாபாரி காட்டிவிட்டால், நுகர்வோர் ஆணையத்திலும் உங்களுக்கு இடமில்லை.

மரை புதிதாக வெட்டியதென்றால் வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டு, பொருளை வைத்துக்கொள்ளுங்கள். விலையில் கால்வாசி திரும்பி வந்தாலும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். வெட்டவில்லை என்றால், வாட்ஸ்அப் உரையாடலுக்கு 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டப் பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் இணைத்து, இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் ஆணையத்துக்குப் போங்கள்.