அடுத்தவர் மென்பொருள் இணைய நெறிமுறையை (கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதியை) மீறினால், நம் மென்பொருள் வளைந்து கொடுக்க வேண்டுமா?

கொடுக்கலாம். ஆனால் யாருக்காக, எந்தத் தேதி வரை என்று எழுதி வைத்துக்கொண்டு.

மதுரையில் சின்ன நிறுவனங்களுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. 2024ல் தெற்கு மாசி வீதி ஜவுளி மொத்தக் கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். ஒரு சப்ளையர் அனுப்பும் பில் மெயில் எதுவும் வரவில்லையாம். "தம்பி, நேத்து வரைக்கும் ஒழுங்கா வந்துச்சுல்ல? அப்ப நீங்கதான என்னத்தையோ மாத்தியிருக்கீங்க?"

மாற்றியது நான்தான். மெயிலில் ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளோடு முடிய வேண்டும் என்பது விதி. சப்ளையரின் பில்லிங் மென்பொருள் எல்எஃப் மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் சர்வரும் பல வருஷம் பெரிய மனசோடு வாங்கிக்கொண்டது. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் என்ற தாக்குதல் வெளியே வந்தது. எஸ்எம்டிபி என்பது சர்வர்கள் மெயில் அனுப்பிக்கொள்ளும் நெறிமுறை. மெயில் எங்கே முடிகிறது என்பதை இரண்டு சர்வர்கள் வேறு வேறாகப் புரிந்துகொண்டால், ஒரு மெயிலுக்குள் இன்னொரு போலி மெயிலை ஒளித்து அனுப்பிவிடலாம். அந்தப் பெரிய மனசுதான் ஓட்டை. எங்கள் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றி, தனி எல்எஃப் வந்தால் திருப்பி அனுப்பும்படி வைத்தேன்.

அனுப்புவதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்று இணையத்தின் ஆரம்ப கால நெறிமுறைகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980ல் எழுதினார். அன்றைக்கு அது சரி. ஆனால் தாராளமாக வாங்க வாங்க, தப்பாக அனுப்புகிறவருக்குத் தப்பு என்றே தெரியாமல் போய்விடுகிறது. திட்டு வாங்குவது முதலில் கறாராக மாறுகிறவர். இணையப் பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் உலகத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிஎன்எஸ்ஸின் விரிவாக்கமான ஈடிஎன்எஸ் 1999லேயே வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு வாயே திறக்காத சர்வர்களிடம் காத்திருந்து, பழைய முறையில் மறுபடி கேட்டுப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்கள் எல்லாம் 2019 பிப்ரவரி 1 என்று நாள் குறித்து, சேர்ந்தே அந்தச் சலுகையை நிறுத்தின. ஒருத்தர் தலையில் மட்டும் பழி விழவில்லை.

நான் தனி ஆள். சப்ளையரின் ஒரே ஒரு ஐபிக்கு மட்டும் ஒரு மாத விலக்கு கொடுத்தேன். பக்கத்திலேயே காரணத்தையும் கெடுவையும் கமென்டாக எழுதினேன். மெயில் திரும்பியதைக் காட்டும் வரியை சர்வர் லாகிலிருந்து (பதிவேட்டிலிருந்து) வெட்டி பில்லிங் மென்பொருள்காரருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் கணக்குப்பிள்ளையை விட்டு சப்ளையரிடம் பேச வைத்தேன். அன்று சாயங்காலமே திருத்தம் வந்துவிட்டது. காசு கொடுக்கிறவர் கேட்டால்தான் நகர்கிறது.

விலக்கை எடுத்துவிட்டேன். கோளாறு என் பக்கம்தான் என்று கணக்குப்பிள்ளை இன்னமும் நம்புகிறார்.