எட்டு லட்சம் தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது, திருமணமாகி 26 வருடம். வேலூர் சி.எம்.சி. பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு அறைகளை, வைத்தியத்துக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். அறைக்கு 500 ரூபாய். என் நகையை அடகு வைத்துத்தான் மாடி கட்டினோம். சாவி கொடுப்பது, விரிப்பு துவைப்பது எல்லாம் நான்தான். இரண்டு வருடமாகக் கல்யாணமாகாத மகளுடன் அண்ணன் வீட்டில் இருக்கிறேன்; மாவு அரைத்து விற்று மாதம் 4,000 வருகிறது. கணவர் தன் வருமானம் 18,000தான் என்கிறார். எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு பரஸ்பர விவாகரத்துக்குச் சம்மதிக்கச் சொல்கிறார். சொத்தில் பாதி கேள் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். எட்டு லட்சத்தை வங்கியில் போட்டு ஏழு சதவீத வட்டி வந்தாலும் மாதம் 4,700 ரூபாய்கூடத் தேறாது.

உறவினர்கள் சொல்வதும் சரியில்லை. விவாகரத்தானால் மனைவிக்குப் பாதிச் சொத்து என்று இந்து திருமணச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்பும் பங்களிப்பே என்று சொல்லிச் சில சொத்துகளில் மனைவிக்குச் சம பங்கு தந்தது. ஆனால் அது தனியாக நடந்த சொத்து வழக்கு. நகையை வைத்து மாடி கட்டிய உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. அடகு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஜீவனாம்சத்துக்கு வாய்ப்பாடு கிடையாது. சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஊரே சொல்வது, 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. உத்தேசக் கணக்குக்கு உதவும், அவ்வளவுதான். இருவரின் வருமானம், சொத்து, வயது, உடல்நிலை, சேர்ந்து வாழ்ந்த காலம், வாழ்ந்த வசதி எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். 26 வருடமும் 51 வயதும் உங்கள் பக்கம் பலமாக நிற்கும்.

ஆக, சண்டை முழுக்க அந்த 18,000 மீதுதான். ஆறு அறையும் மாதத்தில் இருபது நாள் நிரம்பினாலே 60,000 வருகிறது. செலவுக்கு 20,000 கழித்தாலும் மீதி 40,000. 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கணவர் அதிலும் 18,000 என்றே எழுதுவார், எழுதட்டும். சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்குமே க்யூஆர் அட்டை, அது யார் பெயரில் என்று பாருங்கள். மகன் பெயரிலோ தம்பி பெயரிலோ இருப்பது சகஜம். அந்த வங்கிக் கணக்கை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம். வந்து தங்கியவர்கள் பதிவேடு, மின் கட்டண ரசீது, மாநகராட்சி வரி ரசீது எதுவுமே வீணாகாது. மறைத்தது தெரிந்தால் நீதிபதி அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்வார். உங்கள் 4,000-ஐயும் மறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் சம்பாதிக்கிறீர்கள் என்பதற்காக ஜீவனாம்சம் இல்லையென்று ஆகிவிடாது.

விவாகரத்து வழக்கு இல்லாமலேயே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுக்குப் பதிலாக, புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் வந்திருக்கும் 144-வது பிரிவில், வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் மாத ஜீவனாம்சம் கேட்கலாம். மனுப் போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் கட்டணம் கவலையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு அவர் நியாயமான தொகைக்கு இறங்கி வந்தால், பரஸ்பர விவாகரத்துக்குத் தாராளமாகச் சம்மதிக்கலாம். முதல் மனுவுக்கும் இறுதி வாக்குமூலத்துக்கும் பொதுவாக ஆறு மாத இடைவெளி உண்டு; அதுவரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மீதிப் பணத்தை இறுதி வாக்குமூலம் தரும் அன்றே, நீதிபதி முன்னால், டிமாண்ட் டிராஃப்டாக வாங்குங்கள். மாதாமாதம் என்றால் அந்த வீட்டின் மேல் பொறுப்பு (அவர் தராவிட்டால் வீட்டிலிருந்து வசூலிக்கும் உரிமை) ஏற்படுத்தக் கேளுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி வரைவில் கட்டாயம் இருக்கும். நகையும், மாடியில் உங்கள் பங்கும், மகளின் பராமரிப்பு, கல்யாணச் செலவும் அந்த வரிக்குள் அடங்காதபடி தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.