இரும்பு எப்படி வெளியே வந்தது?

ஐயா,
"விண்மீன் இரும்புவரை ஆக்கும், பிறகு வெடித்து அதை வெளியே எறியும்" என்றுதான் உயர்தர வகுப்பில் படிப்பிக்கிறேன். அப்படியென்றால் மிகப் பழைய விண்மீன்களில் காபன் தாராளமாக இருக்க, இரும்பு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு மாணவி கேட்கிறாள். அப்படியொரு விண்மீனை இங்கிருந்து காட்டலாமா?
— ஓர் ஆசிரியை, சுன்னாகம்

அன்புள்ள ரீச்சர்,

நல்ல கேள்வி. உங்கள் வசனத்தின் பின்பாதியைத் திருத்தினால் பதில் வந்துவிடும். மையத்தில் சேர்ந்த இரும்பு வெளியே வருவதே இல்லை. கடைசியில் சிலிக்கன் ஏறத்தாழ ஒரே நாளில் எரிந்து இரும்பாகி முடிகிறது. இரும்பை இணைத்தால் சக்தி கிடைக்காது, செலவாகும். எனவே மையம் சூரியத் திணிவின் 1.4 மடங்களவை எட்டியதும் ஒரு செக்கனுக்குள் இடிந்து விழுகிறது. அந்த இரும்புக் கருக்கள் நொறுங்கி, நியூத்திரன் விண்மீன் என்ற மிகச் செறிந்த எச்சத்துக்குள்ளோ கருந்துளைக்குள்ளோ போய்விடும்.

வெளியே வருவது வெடிப்பிலே புதிதாக உண்டான இரும்பு. அதிர்வலை சிலிக்கன் படையைக் கடக்கையில், 500 கோடி கெல்வினுக்கு மேல் சூடேறிய பகுதி நிக்கல்-56 ஆகிறது. அது 6 நாள் அரைவாழ்வில் கோபாற்று-56 ஆகி, பின் 77 நாள் அரைவாழ்வில் இரும்பு-56 ஆகும். 1987 இல் பெரிய மகெல்லன் முகில் என்ற அயல் விண்மீன் கூட்டத்தில் கண்ட சுப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) மங்கிய வேகம் இந்த 77 நாளுக்கே ஒத்துவந்தது. அதில் உண்டான நிக்கல் சூரியத் திணிவின் 0.07 பங்கு.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான். நிக்கல் உண்டாவது ஆழத்தில். காபன் இருப்பது மேற்படைகளில். வெடிப்புக்கு வலுப் போதாவிட்டால் ஆழத்திலுள்ளது திரும்பக் கருந்துளைக்குள் விழும், காபன் தப்பிவிடும். அப்படி வெளியேறிய வாயுவில் பிறந்த அடுத்த தலைமுறை விண்மீனில் இரும்பு அரிதாகவே இருக்கும். 2005 இல் அறிவிக்கப்பட்ட எச்ஈ 1327-2326 என்ற பழைய விண்மீனில் இரும்பு, சூரியனில் உள்ளதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 2019 இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் தரவிலிருந்து அதில் நாகம் என்ற உலோகமும் அகப்பட்டது. நாகமும் ஆழத்தில் உண்டாவதுதான். திரும்ப விழுதல் மட்டும் காரணமென்றால் அதுவும் விழுந்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு வாயுவைத் தந்த முதல் தலைமுறை விண்மீன் எல்லாப் பக்கமும் சமமாக வெடிக்காமல், இரு தாரைகளாகப் பீறிட்டு ஆழத்துப் பொருளையும் அள்ளி வீசியது என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பொன்னை மட்டும் சாதாரண சுப்பர்நோவாக் கணக்கில் எழுதவிடாதீர்கள். அப்படியான பார மூலகங்கள் நியூத்திரன் விண்மீன்கள் மோதும்போது உருவாவதை 2017 ஓகஸ்ட் 17 இல் அவதானித்த அத்தகைய மோதல் காட்டியது.

எச்ஈ 1327 சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. மே நடுப்பகுதியில் இரவு பத்து மணியளவில், யாழ்ப்பாணத்தில் தெற்கு வானில் 57 பாகை உயரத்தில் நிற்கும். இடத்தைப் பிள்ளைகளுக்குக் கையால் காட்டலாம். விண்மீனையே பார்க்க எட்டு அங்குலத் தொலைகாட்டியாவது வேண்டும். நிலவில்லாத இரவாகப் பார்த்து, நகர வெளிச்சத்தை விட்டு விலகிப் போங்கள்.