இரண்டாவது ரவுட்டர் இருக்கட்டும், அந்த மினிமம் தொகையைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். பிடித்தம் போகச் சம்பளம் 52,000 ரூபாய். மனைவியின் தம்பி படிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி வேலை தேடுகிறார். ஆன்லைன் விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொள்கிறார். எட்டு மாதத்துக்கு முன்பு அவர் கேட்டதால் 32,400 ரூபாய்க்கு ஒரு கேமிங் ரவுட்டர் வாங்கிக் கீழே ஹாலில் வைத்தோம். மாதம் 2,700 தவணை, இன்னும் நான்கு பாக்கி. மாடியில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. அதே நிறுவனத்தின் கேமிங் ரவுட்டர் இன்னொன்றை மாடியில் வைத்து, இரண்டையும் ஒரே வை-ஃபையாக இயங்கும் மெஷ் முறையில் இணைக்க வேண்டும் என்கிறார். விலை 33,600. கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையாக வாங்கலாமா, தனிநபர் கடன் எடுப்பது நல்லதா? கார்டில் தவணை போக 86,000 நிலுவை இருக்கிறது. மாதாமாதம் குறைந்தது கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டில் 90,000 இருக்கிறது. அது தை மாதம் நடக்கவிருக்கும் மகளின் காதணி விழாவுக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இந்த நேரத்தில் அவரிடம் எப்படி மறுப்பது?

பதில்: இரண்டு வழிகளில் எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். நீங்கள் கணக்காளர், வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன் என்கிறீர்களே, அந்த வரி.

நீங்கள் அனுப்பிய கார்டு கணக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுகிறேன். நிலுவை 86,000. மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது 3,010 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 542. ஆக 3,552. ரவுட்டர் தவணை போக நீங்கள் கட்டும் மினிமம் 4,300. அசலில் குறைவது ஏறக்குறைய 750 ரூபாய்தான்.

அந்த 750-ஆவது குறைகிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. அதே பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் 79, 159, 399 என்று சின்னச் சின்னத் தொகைகள் பதினேழு வரிகளில் வருகின்றன. எல்லாம் விளையாட்டுக்குள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டியவை. பெரும்பாலானவை இரவு பதினொரு மணிக்கு மேல். கூட்டினால் 2,140 ரூபாய். நிலுவை வைத்திருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, அந்த 79 ரூபாய்க்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடுகிறது. மாதம் 4,300 கட்டிய பிறகும் உங்கள் கடன் சுமார் 1,400 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. அலுவலகப் பேரேட்டில் இப்படி ஒரு கணக்கைக் கண்டால் அன்றைக்கே நிறுத்தியிருப்பீர்கள். வீட்டில் மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்?

வட்டியில்லாத் தவணையைப் பற்றி ஒரு சொல். சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கடைக்காரர் தள்ளுபடி என்று கழித்துக் கொடுப்பதை வங்கி வட்டியாக வாங்கிக்கொள்கிறது. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் 33,600-க்குள் ஏறக்குறைய 2,600 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அதற்கு ஜி.எஸ்.டி., பரிசீலனைக் கட்டணம் என்று மேலும் 700 ரூபாய் போகும். 700 ரூபாய் உங்களை மூழ்கடிக்காது. மாதம் 2,800-தானே என்று சொல்ல வைப்பதுதான் மூழ்கடிக்கும். முதல் ரவுட்டருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

இனி அந்தப் பொருளுக்கு வருவோம். அது தேவையா என்று பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை. மாடியில் சிக்னல் வரவில்லை என்பது உண்மையான குறைதான். கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை அலை எளிதில் துளைக்காது. ஆனால் அதற்கு மருந்து இன்னொரு கேமிங் ரவுட்டர் இல்லை. இதை உங்கள் மைத்துனரிடம் நீங்களே உட்கார்ந்து பேசலாம். மெஷ் முறையில் ஒரு ரவுட்டர்தான் தலைமை. எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வேலை முழுவதும் அதனுடையது. மாடியில் வைக்கும் இரண்டாவது ரவுட்டர் சிக்னலை வாங்கிக் கொடுக்கும் துணைக் கருவியாகத்தான் இருக்கும். அதிலுள்ள கேமிங் வசதிகளில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். அந்த வசதிகளுக்குத்தான் 33,600 கேட்கிறார்கள். இரண்டும் கம்பியில்லாமல் பேசிக்கொண்டால், சிக்னல் அதே கான்கிரீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இடையில் இன்னொரு கருவி வாங்கிக் கொடுப்பதால் தாமதம் கூடவும் கூடும்.

இத்தகைய ரவுட்டர்களின் பெட்டியில் 11000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 1,148, 4,804, 4,804 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற இணைய வேக அளவு) என்ற மூன்று அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டி, அருகிலுள்ள ஆயிரத்துக்கு முழுமையாக்கிப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகள் ஆடும்போது சில எம்.பி.பி.எஸ். மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. அங்கே வேகத்தைவிடத் தாமதம் சீராக இருப்பதுதான் முக்கியம். அதற்குக் கேபிளை மிஞ்சிய கருவி இல்லை.

ஒரு நாள் மாலை அவருடைய கணினியைக் கீழே இறக்கி, ஹாலில் இருக்கும் ரவுட்டரில் கேபிளைச் செருகி இரண்டு மணி நேரம் விளையாடச் சொல்லுங்கள். செலவு எதுவும் இல்லை. தடங்கல் போய்விட்டால் குறை மாடிக்குப் போகும் சிக்னலில். அப்போதும் தடங்கினால், குறை இணைப்பிலோ, மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சர்வருக்கான தூரத்திலோ இருக்கலாம். அதை எத்தனை ரவுட்டர் வாங்கியும் தீர்க்க முடியாது.

சிக்னல்தான் குறை என்று தெரிந்தால், கேட் 6 என்னும் இணையக் கேபிள் 25 மீட்டர் வாங்குங்கள். மீட்டர் 30 ரூபாய் என்றால் 750. எலக்ட்ரீஷியன் கூலி, இரு முனைக்கும் கனெக்டர் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மின்கம்பி போகும் குழாய்க்குள் அதை நுழைக்க வேண்டாம், படிக்கட்டுச் சுவரோரமாகத் தனிப் பட்டையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். மேல்முனையை நேராகக் கணினியில் செருகலாம். மாடியில் வை-ஃபையும் வேண்டும் என்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை, கேபிளில் வரும் இணைப்பை வை-ஃபையாகக் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றி அந்த முனையில் மாட்டுங்கள். அதற்கு ஒரே நிறுவனத்தின் கருவிகளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இப்போது டெபாசிட். நீங்கள் தொடவே கூடாது என்று வைத்திருக்கும் அந்த 90,000 மாதம் ஏறக்குறைய 500 ரூபாய் சம்பாதிக்கிறது. கார்டு மாதம் 3,552 தின்கிறது. தை வருவதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இப்படியே போனால் அன்றைக்கு டெபாசிட்டில் 95,000 இருக்கும், கார்டில் ஒரு லட்சம் கடன் இருக்கும். மகளின் விழாவுக்கென்று சேர்த்ததாக நினைக்கும் பணம் அப்போது உங்களுடையதாகவே இருக்காது.

இந்த வாரமே டெபாசிட்டை முறித்துக் கார்டின் 86,000-ஐ முழுவதும் கட்டிவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி வட்டியில் ஒரு சதவீதம் வரை பிடிக்கலாம், பிடிக்கட்டும். அடுத்த பட்டியலில் மிச்சமாக வரும் சில நாள் வட்டியையும் சேர்த்து முடித்துவிடுங்கள். பிறகு மாதம் 4,300-ஐ அப்படியே சேமிப்புக்குத் திருப்புங்கள். பத்து மாதத்தில் 43,000. ரவுட்டர் தவணை நான்கு மாதத்தில் முடிந்ததும், அந்த 2,700 ஆறு மாதத்துக்கு 16,200. முறித்ததில் மிஞ்சிய நாலாயிரத்தையும் கூட்டினால் 63,000 ரூபாய் கடனில்லாமல் கையில் இருக்கும். மண்டபம் பிடித்தால் போதாது. குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தி, உறவினர்களுக்கு வாழையிலை போட்டுச் சாப்பாடு போடுவதற்குப் போதும்.

அதற்கு முன் இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வங்கியின் செயலியில் அந்தக் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். கார்டை வைத்திருப்பவரே இதை அணைக்கவும் போடவும் வசதி தர வேண்டும் என்பது 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. விளையாட்டுச் செயலிகளில் பதிவாகியிருக்கும் உங்கள் கார்டையும் நீக்கிவிடுங்கள்.

மைத்துனரிடம் இதை மனைவி வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அக்கா சொன்னால் அது மாமாவின் கோபமாகத்தான் போய்ச் சேரும். அந்தப் பதினேழு வரிகள் உள்ள பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே மாடியேறிப் போங்கள். ரவுட்டர் வேண்டாம் என்று தொடங்காமல், கேபிள் இழுத்துத் தருகிறேன், வா, சேர்ந்து அளக்கலாம் என்று தொடங்குங்கள். அளந்து முடித்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். படித்த பிள்ளை, 86,000 என்பது அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். போட்டிப் பரிசில் திருப்பித் தருகிறேன் என்று சொன்னால், தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், அதை எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள்.

மிச்ச வட்டியையும் கட்டி முடித்த பிறகு வரும் பட்டியலில் மொத்த நிலுவை என்ற இடத்தில் 2,700-ம் அந்தத் தவணைக்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் இருந்தாலும் பட்டியலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.