அமெரிக்காவில் எங்கள் நகராட்சி, மத்திய வீட்டுவசதி மானியத்தைச் செலவிடக் கருத்துக் கேட்கிறது. சொன்னால் பயன் உண்டா?

உண்டு. அதை எழுத்தில் கொடுங்கள்.

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சிடிபிஜி (சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம்), 1990-இல் வந்த ஹோம் (குறைந்த வருமானத்தினரின் வீட்டுவசதிக்கான மானியம்) ஆகியவற்றுக்கு நகராட்சி ஆண்டுதோறும் திட்டம் எழுதி, ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குமுன் வரைவை வெளியிட்டு 30 நாளாவது கருத்துக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், எதையாவது ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் திட்டத்தோடு இணைத்தே ஆக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பிடி இதுதான்.

“வாடகை அதிகம்” என்று மட்டும் எழுதினால் அது சுருக்கத்தில் அரை வரியாகக் கரைந்துவிடும். “கூரை ஒழுகுகிறது, மழை வந்தால் அம்மாவின் கட்டிலை நகர்த்துகிறோம், பழுதுபார்க்கும் உதவிக்கு நிதியைக் கூட்டுங்கள்” என்று எழுதுங்கள். அப்படிக் கேட்டதை எளிதில் ஒதுக்க முடியாது.

அப்புறம், எந்தப் பணம் எதற்கு என்று பார்த்துக் கேளுங்கள். சிடிபிஜியில் வீடு பழுதுபார்க்கலாம். புது வீடு கட்டப் பொதுவாக முடியாது, அதற்கு ஹோம் இருக்கிறது. குழந்தைக் காப்பகம் போன்ற சேவைகளுக்குச் சிடிபிஜியில் பொதுவாக 15 சதவீதம்தான் உச்சவரம்பு. அங்கே போட்டி கடுமை, அதனால் முதல் பொதுக்கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.